ஹைப்போபாஸ்பட்டீமியா: ‘குறைபாடு’ வேண்டாமே

> ‘பாஸ்பேட்டுக் குறைபாடு’ என்றே வைத்துவிடலாம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

ஹைப்போபாஸ்பட்டீமியா, அதாவது இரத்தத்தில் பாஸ்பேட்டு (பாஸ்பரஸ் சேர்ந்த உப்பு) அளவு இறங்கிவிடுவது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொல்வது எளிது என்பதில் சண்டை இல்லை. ஆனால் குறைந்திருப்பது உடம்பிலா, இரத்தத்திலா என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. உடம்பிலுள்ள பாஸ்பேட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் செல்களுக்குள். இரத்தத்தில் ஓடுவது ஒரு விழுக்காடுகூடத் தேறாது. லேப் சீட்டில் ‘சீரம் பாஸ்பரஸ்’ என்று வருவது அந்தத் துளியின் கணக்குதான். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பு.

நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கோ குடியிலேயே காலம் தள்ளியவருக்கோ திடீரென்று வயிறாரச் சோறு போட்டால், அல்லது குளுக்கோஸ் ஏற்றினால், இன்சுலின் சுரந்து இரத்தத்து பாஸ்பேட்டைச் செல்லுக்குள் இழுத்துவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சரியாக இருந்த அளவு, சில நாளிலேயே 1-க்குக் கீழே போய்விடலாம். அப்போது கைகால் துவளும், மூச்சுவிடும் தசை களைக்கும், குழப்பமும் வலிப்பும் வரலாம். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்ய பாஸ்பேட்டு வேண்டுமே!

நீரிழிவில் கீட்டோன் (கொழுப்பு எரிவதால் உண்டாகும் அமிலப்பொருள்) ஏறி வருபவரைப் பாருங்கள். உடம்பின் கையிருப்பு வற்றியிருக்கும். இரத்த அளவோ இயல்பாக, சிலசமயம் கூடுதலாகவே இருக்கும். இன்சுலின் போட்ட பிறகுதான் இறங்கும். மூச்சு வேகவேகமாக வாங்குபவருக்கு இது தலைகீழ்: கையிருப்பு அப்படியே இருக்க, இரத்தத்தில் மட்டும் சரியும். முன்னவருக்குக் குறைபாடு, பின்னவருக்கு ஹைப்போபாஸ்பட்டீமியா. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை: குருதிப் பாஸ்பேட்டுத் தாழ்வு. எதிர்ப்பதம் குருதிப் பாஸ்பேட்டு மிகை. ‘தாழ்வு’ இழிவாக ஒலிக்கிறது என்பவர்களுக்கு: ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று வானிலை அறிக்கையில் கேட்டு யாரும் மனம் புண்பட்டதில்லை.

---

> தாழ்வு சரி. ‘குருதி’ எதற்கு? நோயாளி ரத்தம் என்றுதானே சொல்கிறார்?

கலைச்சொல் பட்டியலுக்குக் குருதி, நோயாளியிடம் ரத்தம். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதிவில் சேர்க்கச் சில வரிகள்: அலுமினியம் கலந்த அமிலமுறி மருந்தை நெடுநாள் விழுங்கினால் அது குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சிலவகை இரும்பு ஊசிக்குப் பிறகு சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே தள்ளுவதும் உண்டு. லேசான தாழ்வுக்குப் பால், தயிர், வாய்வழி பாஸ்பேட்டு போதும். வாய்வழி மருந்து கூடினால் பேதியாகும். கடுமையானால் சிரைவழி, அதுவும் மணிக்கணக்கில் மெதுவாக. அவசரப்பட்டு ஏற்றினால் கால்சியம் விழுந்துவிடும்.

அப்புறம், பட்டினிக்குப் பின் ஊட்டுவதால் வரும் அந்தச் சிக்கலுக்கும் பெயர் வேண்டும். ‘மறுஊட்டக் கோளாறு’ எப்படி?