இரண்டு ஆண்டு ஆசிரியர்கள்: யாருக்கு லாபம்?

பெரம்பூர்வாசி:
பட்டம் வாங்கிய கையோடு இளைஞர்களை ஏழைப் பிள்ளைகளின் வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் அனுப்பும் திட்டங்கள் வேண்டாம் என்பது என் கட்சி. 1990-இல் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ போட்ட பாதை இது. 2009-இல் ‘டீச் ஃபார் இந்தியா’ அதே பாதையில் தொடங்கியது. அமெரிக்காவில் கொடுத்த முன்பயிற்சி சில வாரங்கள்தான். இங்கே பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறியவர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் வேலை கேட்டுப் போராடுகிறார்கள்.

நானும் போனவன்:
அவர்களை நியமிக்காதது அரசு. பழி அப்படிப் பாடம் நடத்தப் போன எங்கள் தலையிலா? 2004-இல் மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், டீச் ஃபார் அமெரிக்கா ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் சற்று முன்னே இருந்தார்கள்.

புளியந்தோப்பு டீச்சர்:
வாசிப்பில் வேறுபாடு இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது, தம்பி. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒப்பிட்டதும் அதே பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களோடு; அவர்களிலும் பலர் முறையான தகுதிச் சான்று இல்லாதவர்கள்.

எங்கள் பள்ளிக்கும் ஒருவர் வந்தார். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. நல்ல பிள்ளை, உழைப்பில் குறை சொல்ல முடியாது. யாருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை, யார் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் மடிக்கணினியில் குறிப்பு வைத்திருந்தார். ஏப்ரலில் அவரும் போனார், குறிப்பும் போனது. ஜூனில் வந்த அடுத்தவர் அதே பிள்ளைகளை உட்காரவைத்து முதலிலிருந்து சோதித்தார். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, வாக்காளர் பட்டியல் எல்லாம் வழக்கம்போல் எங்கள் தலையில்.

நானும் போனவன்:
குறிப்பை ஒப்படைக்க வேண்டும் என்று விதி போட்டால் அது தீர்ந்துவிடும். நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் மாறுதல் கலந்தாய்வில் போவதில்லையா?

புளியந்தோப்பு டீச்சர்:
போவோம். போன இடத்திலும் பாடம்தான் நடத்துவோம். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வகுப்பறையில் இருக்கிறார்கள்?

நானும் போனவன்:
சிலர்.

பெரம்பூர்வாசி:
என் பயம் வேறு. மலிவாக ஆள் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அரசு ருசி கண்ட பூனையாகிவிடும். கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை நீக்கினார்கள். அதன் பிறகு அந்த ஊரில் இத்தகைய புதியவர்கள் பெருகினார்கள். இங்கும் 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்!

நானும் போனவன்:
அந்தச் சம்பளத்தை எதிர்த்து மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் ஆசிரியர் இல்லாத வகுப்பில் நாளைக் காலை யார் நிற்பது? இருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

புளியந்தோப்பு டீச்சர்:
நான்தான் நிற்கிறேன், தம்பி. இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து.