மைக்குக்குள் வைத்த பீப் சர்க்யூட் 50 வாட்டில் ஹேங் ஆகிறது – ஆர்எஃப் (ரேடியோ அலை) புகாமல் தடுக்க வழி?

2 மீட்டர் ஹாம் பேண்ட் மொபைல் ரிக்கின் (வண்டியில் வைக்கும் ரேடியோ செட்) கை மைக்குக்குள் அட்டைனி85 மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து ரோஜர் பீப் (பேசி முடித்ததைச் சொல்லும் பீப்) போட்டிருக்கிறேன். பிடிடி பட்டன் (பேசும்போது அழுத்துவது) சிப்புக்குப் போகிறது. ரிக்கின் பிடிடி லைனை கிரவுண்டுக்கு இழுப்பது 2என்7000 மாஸ்ஃபெட். பட்டனை விட்டதும் 150 மில்லிசெகண்ட் பீப் போய், லைன் விடுபட வேண்டும்.

5 வாட்டில் சுத்தமாக ஓடுகிறது. போன வாரம் காரில் மாட்டி 50 வாட் வைத்ததிலிருந்து, பேச்சின் நடுவே சிப் ஹேங் ஆகி ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கிறது. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) பக்கமே போகவில்லை, சிம்ப்ளெக்ஸில்தான் (செட்டுக்குச் செட் நேராக) சோதனை.

இடம் மதுரை, 145 மெகாஹெர்ட்ஸ், கூரையில் காந்த அடி கால் அலை ஆன்டெனா. சப்ளை மைக் சாக்கெட்டின் 5 வோல்ட். பீப் டோன் 10கே (கிலோஓம்), 10 நானோஃபாரட் ஃபில்டர் இரண்டு கட்டம் தாண்டி, 100கே வழியாக மைக் லைனில் சேர்கிறது. டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும், அலையை வெளியே விடாத சுமை) 50 வாட்டிலும் தொல்லை இல்லை. ஆக, ஆர்எஃப்தான்.

சப்ளையில் 100 ஓம், 47 மைக்ரோஃபாரட் போட்டதும் ஆடியோவில் இருந்த கீச்சு போனது, ஹேங் போகவில்லை. சிப் காலடியில் 100 நானோஃபாரட், ரீசெட்டுக்கு 10கே புல்-அப், 2என்7000-இன் கேட் காலுக்கு 10கே புல்-டவுன், கேபிளில் ஃபெரைட் எல்லாம் உண்டு. வாட்ச்டாக் (சிப் ஹேங் ஆனால் தானே ரீசெட் செய்யும் டைமர்) போட்டால் ரிக் டிரான்ஸ்மிட்டில் மாட்டிக்கொள்வதில்லை, ஆனால் ரீசெட் ஆகும்போதெல்லாம் கேரியர் அறுந்து பேச்சு துண்டு துண்டாகிறது. அது வைத்தியமே இல்லை.

மைக் உறை பிளாஸ்டிக். போர்டின் கிரவுண்டை ஆடியோ கிரவுண்டில் சேர்ப்பதா, பிடிடி கிரவுண்டிலா, கேபிள் ஷீல்டிலா?