ஆர்டிடி அவசர அழைப்பு: 'நேரலை உரை' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அழைப்பின்போது தட்டும் எழுத்துகளை உடனுக்குடன் மறுமுனையில் காட்டுவதும், கைப்பேசி அமைப்புகளில் ஆர்டிடி என்று சுருக்கமாகக் காணப்படுவதுமான 'ரியல் டைம் டெக்ஸ்ட்' வசதிக்கு 'நேரலை உரை' என்ற சொல் நம் சொற்பட்டியலுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கணினித் தமிழில் 'உரை' டெக்ஸ்ட் என்ற பொருளில் நிலைத்துவிட்டது உண்மையே. ஆனால் 'நேரலை' என்ற அடை சேர்ந்தவுடன், தொலைக்காட்சியில் தலைவர் ஒருவர் ஆற்றும் உரைதான் நினைவுக்கு வரும். பேச இயலாதவர்களும் காது கேளாதவர்களும் நம்பியிருக்கும் வசதிக்குப் பேச்சைக் குறிக்கும் பெயர் வேண்டாம்.

'உடனடிக் குறுஞ்செய்தி' என்ற மற்றொரு பரிந்துரை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் 911 என்ற அவசர உதவி எண்ணைக் கைப்பேசியிலிருந்து எழுத்து வழியே அணுக முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. அவ்வசதி இல்லாத பகுதியிலிருந்து அனுப்பினால், வேறு வழியை நாடுமாறு தானியங்கிப் பதில் வரவேண்டும் என்பது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி. மற்றொன்று ஆர்டிடி. பழைய டிடிஒய் தட்டச்சுத் தொலைபேசிக்குப் பதிலாக இதை வழங்குவதற்கு அதே ஆணையம் 2016 டிசம்பரில் வழிவகுத்தது. இது செய்தியன்று, அழைப்பு. இதில் 'அனுப்பு' பொத்தான் கிடையாது. விசையை அழுத்த அழுத்த ஒவ்வோர் எழுத்தாக மறுமுனையில் தோன்றும். 'பின்கட்டில் தீ, மாடியில் குழ' என்பதோடு தொடர்பு அறுந்தாலும், தட்டிய அளவு அழைப்பை ஏற்பவரின் கண்ணில் பட்டிருக்கும். குறுஞ்செய்தியில் அந்த அரைவாக்கியம் அழைத்தவரின் கைப்பேசியிலேயே தங்கிவிடும். அவசர காலத்தில் இவ்வேறுபாடு பெரிது என்பதால், இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது பயனரைத் தவறான பொத்தானிடம் கொண்டுபோய்விடும்.

டிடிஒய் முறையில் ஒருவர் தட்டி முடித்து, 'இனி உங்கள் முறை' என்ற பொருளில் 'ஜிஏ' என்று குறித்த பிறகே மற்றவர் தொடங்குவார். ஆர்டிடியில் இருவரும் ஒரே நேரத்தில் எழுதலாம். அதே அழைப்பில் குரலும் செல்லும். ஆகவே கேட்கும் திறன் குறைந்த ஒருவர் தாம் பேசிக்கொண்டே பதிலை வாசிக்க முடியும். (ஆர்டிடியை நேரடியாக ஏற்காத அவசர மையங்களுக்கு அழைப்பு டிடிஒய் வடிவில் மாற்றப்பட்டுச் செல்லும்போது, முறைவைத்து எழுதும் பழைய கட்டுப்பாடு திரும்ப வந்துவிடுகிறது.)

இவற்றை எண்ணிப் பார்த்து 'நிகழெழுத்து' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'நிகழ்நேரம்' போல இதுவும் வினைத்தொகை. எழுத்தெழுத்தாகச் செல்லும் இயல்பையும் காட்டும். தமிழில் 'கொ' என்பது ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகளாகச் செல்வதால், பெறுபவர் கணநேரம் 'க' என்று காணக்கூடும் என்பதை மறுக்கவில்லை. எனினும் இந்நுட்பக் குறைக்காகப் பொருத்தமான சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. 'நிகழ்நேர உரை' என்பதிலும் பிழையில்லை, ஆனால் அதனோடு 'அவசர அழைப்பு' சேர்ந்தால் கைப்பேசித் திரையின் பொத்தானுக்குள் அடங்காது.

மறுப்பு இல்லையெனில் சொற்பட்டியலில் வசதிக்கு 'நிகழெழுத்து' என்றும், தொடர்புக்கு 'நிகழெழுத்து அழைப்பு' என்றும், 911 போன்ற எண்களுக்குச் செல்வதற்கு 'அவசர நிகழெழுத்து' என்றும் பதியலாம். 911-க்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கு 'அவசரக் குறுஞ்செய்தி' என்று தனிப்பதிவு தேவை.