மாண்டரின் தொடக்கம்: எழுத்தா, உச்சரிப்பா, எது முதலில்?

கேள்வி: மாண்டரின் சொந்தமா படிக்கிறேன். வணக்கம், நன்றி, எண்கள் எல்லாம் மனப்பாடம். ஆனா நான் பேசினா சீனர்களுக்குப் புரியல. பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துல எழுதுற முறை) மட்டும் போதுமா, சீன எழுத்தையும் இப்பவே எழுதிப் பழகணுமா?

பதில் 1: பின்யினை இங்கிலீஷ் மாதிரி வாசிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். பின்யின்ல ஜி எழுத்து 'கல்'லில் வர்ற க. கே எழுத்தும் அதே க-தான், ஆனா கூடவே மூச்சு பலமா வெளியே வரணும். டிஷ்யூ தாளை வாய்க்கு முன்னால பிடிச்சு 'கோவ்' சொல்லிப் பாருங்க. தாள் ஆடினா 'வாய்'னு அர்த்தம், ஆடலேன்னா 'நாய்'னு அர்த்தம். ரெண்டுக்கும் மூன்றாம் தொனிதான் (தொனின்னா அர்த்தத்தையே மாத்துற குரல் ஏற்ற இறக்கம், மொத்தம் நாலு), மூச்சுதான் வித்தியாசம். ப, த வரிசையிலும் இதே கதை. 'தூட்ஸ'வில் மூச்சு சேர்ந்தா வயிறு முயலாயிடும்! தமிழ்ல இந்த மூச்சொலி கிடையாது, அதனால தனியா பழகியே ஆகணும். ஆர் எழுத்துல நமக்கு லாபம்: நம்ம ழ-வுக்கு ரொம்பப் பக்கம்.

பதில் 2: தொனியை ஒற்றைச் சொல்லா பழகாதீங்க, ஜோடியா பழகுங்க. நாலு தொனிக்கு 16 ஜோடி. மூன்றாம் தொனியை இறங்கி ஏறுற மாதிரி படம் போட்டிருப்பாங்க. பேச்சுல பெரும்பாலும் அது தாழ்வாவே நின்னுடும், ஏறாது. ரெண்டு மூன்றாம் தொனி சேர்ந்தா முதலாவது இரண்டாம் தொனியாகும், 'நீ ஹாவ்' (வணக்கம்) அப்படித்தான். 'மாய்' மூன்றாம் தொனியில வாங்குறது, நாலாம் தொனியில விற்கிறது. கடையில இது மாறினா வம்புதான். கேள்வின்னு காட்ட வாக்கியக் கடைசியை இழுத்துத் தூக்காதீங்க, அந்தச் சொல்லோட தொனி கெட்டுப்போகும். கடைசியில 'மா' சேர்த்தா போதும்.

பதில் 3: எழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பின்யினையே பார்த்துட்டிருந்தா கண் எழுத்துப் பக்கமே போகாது. ஆனா எல்லாத்தையும் கையால எழுதணும்னு இல்ல. போன்ல பின்யின் தட்டினா எழுத்து வரும், சரியானதை அடையாளம் கண்டா போதும். அடிப்படை உறுப்புகளை (பல எழுத்துகள்ல திரும்பத் திரும்ப வர்ற பகுதிகளை) மட்டும் எழுதிப் பழகுங்க: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டியை மூடுற கோடு கடைசியில. அம்மாவுக்கான 'மா' எழுத்தைப் பாருங்க. இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்கும் சத்தம் 'மா', தொனிதான் வேற. அதாவது ஒரு பாதி பொருளுக்கு, மறுபாதி ஒலிக்கு. பெரும்பாலான எழுத்துகள் இந்த அமைப்புதான். சீனா, சிங்கப்பூர்னா எளிமையாக்கின எழுத்து. தைவான், ஹாங்காங்னா பழைய வடிவம். ஆரம்பத்துல ரெண்டையும் கலக்காதீங்க.