சமையலறையை ஒட்டி உட்கார ஓர் இடம்: சுவர் வைக்கலாமா, திறந்து விடலாமா?

மதுரைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் 1,100 சதுர அடியில் வீடு கட்டுகிறோம், பில்லர் எழுப்பியாயிற்று, அடுத்த மாதம் செங்கல் வேலை. பிளானில் ஹால் 18க்கு 12, சமையலறை 10க்கு 8, அதை ஒட்டி 8க்கு 7 அடியில் ஸ்டோர் ரூம். எனக்கு அந்த ஸ்டோர் வேண்டாம், அதே இடத்தில் நாலு பேர் உட்காருகிற மாதிரி ஒரு திண்ணை வேண்டும். இப்போது இருக்கிற வாடகை வீட்டில் யார் வந்தாலும் ஹாலில் ஐந்து நிமிடம்தான், அப்புறம் நேராக அடுப்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். அத்தை கீரை ஆய்வதும் பையன் வீட்டுப்பாடம் எழுதுவதும் தரையில், என் காலடியில்தான், கொதிக்கிற குழம்பைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகும்போது பயமாக இருக்கிறது. என்ஜினீயர் ஸ்டோரை எடுக்கக் கூடாது என்கிறார், இவருக்குத் தாளிக்கிற நெடி வீடு முழுக்கப் பரவும் என்று கவலை. திண்ணைக்குப் பதிலாக அந்தத் தரையை ஒன்றரை அடி பள்ளமாக இறக்கி, சுற்றிலும் மெத்தை போடலாமா என்றும் ஒரு யோசனை. கட்டிப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடிப் பேத்தி:
கட்டாயம் செய்யுங்கள் அக்கா. எங்கள் ஐயா வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேராகப் போகும். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். அடுப்படித் தாழ்வாரத்தில்தான் அம்மியும் ஆட்டுக்கல்லும், ஆச்சி மாவு ஆட்டிக்கொண்டே பேச, சுற்றி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியபடி நாங்கள் கேட்போம். எனக்குச் சொந்தபந்தம் யார் யார் என்று தெரிந்ததே அங்கேதான். ஆனால் ஒன்று, அது பெண்களைப் பின்பக்கமே இருக்க வைத்த இடமும்கூட. நீங்கள் கட்டுவது உங்கள் வீட்டு ஆண்களும் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற இடமாக இருக்கட்டும். திண்ணைக்கு ரெட் ஆக்ஸைடு, அதாவது சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் பூச்சு போடுங்கள், புழங்கப் புழங்க மினுமினுப்பு ஏறும், வெயில் காலத்தில் உட்காரக் குளுகுளுவென்று இருக்கும்.

சைட் அண்ணன், திருச்சி:
தங்கச்சி, பள்ளம் மட்டும் வேண்டவே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கேதான் குழந்தை படுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தரை ஒரே மட்டத்தில் இருக்கட்டும், சிலிண்டரை வெளிச்சுவரில் கூண்டு கட்டி வையுங்கள், சமையலறையில் தரையை ஒட்டி ஒரு ஜாலித் துளையும் விடச் சொல்லுங்கள்.

அளவு தாராளம். சமையலறையிலேயே சாப்பிடவும் செய்வதென்றால் நேஷனல் பில்டிங் கோடு, அதாவது நம் நாட்டுக் கட்டட விதித் தொகுப்பு கேட்பது குறைந்தது 7.5 சதுர மீட்டரும் 2.1 மீட்டர் அகலமும்தான், அதாவது சுமார் 81 சதுர அடி. உங்களுக்கு இரண்டும் சேர்த்து 136 வருகிறது.

நடுவில் மூன்றரை அடிக்கு அரைச்சுவர் போதும். முழுச் சுவர் வைத்தால் அது மறுபடியும் ஸ்டோராகிவிடும், யாரும் போய் உட்கார மாட்டார்கள். திண்ணை 16, 17 அங்குல உயரம், 18 அங்குல அகலம். அதன் அடியில் இழுப்பறை வைத்தால் அரிசி, பருப்பு, புளி எல்லாம் அடங்கிவிடும், என்ஜினீயரும் சமாதானமாவார். நெடிக்கு வழி காற்றோட்டம்தான். திண்ணைப் பக்கம் ஜன்னல், அதற்கு எதிர்ச்சுவரில் அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட். ஜன்னலில் நுழைகிற காற்று உட்கார்ந்திருப்பவர்களைத் தொட்டு, பிறகு அடுப்பைத் தாண்டி வெளியே போக வேண்டும், இது தலைகீழானால் மிளகாய் நெடி முழுவதும் அவர்கள் மூக்கில்தான். சீலிங் ஃபேனை அடுப்பிலிருந்து தள்ளி மாட்டுங்கள், இல்லையென்றால் தீ அலையும்.

அட்லாண்டா அம்மா:
நான் இருக்கிற ஊரில் இதற்குக் ‘கீப்பிங் ரூம்’ என்றே பெயர். பழைய காலத்தில் குளிருக்கு அடுப்படிச் சூட்டை விட்டால் வேறு கதி இல்லை, அதனால் குடும்பமே பக்கத்து அறையில் கிடக்கும். நம் ஊரில் சூடுதான் எதிரி, அதனால் அண்ணன் சொன்ன ஜன்னலை விட்டுவிடாதீர்கள். என் வீட்டில் சிம்னி காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிற வகை, கருவாடு வறுத்தால் இரண்டு நாள் சோபாவில் வாசம் போகாது. குழாய் வெளியே போகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, அடுப்பு மேடையைத் திண்ணையைப் பார்த்தபடி வையுங்கள். எனக்கு அது சுவரைப் பார்த்து அமைந்துவிட்டது, பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசுகிறேன்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கேஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, பள்ளம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிட்டேன். இழுப்பறை என்றதும் இவரும் சரி என்றுவிட்டார். அண்ணா, அடுப்பைத் திண்ணை பார்த்துத் திருப்பினால் எக்ஸாஸ்ட் எதிர்ச்சுவரில் வராதே, அப்போது அதை எங்கே வைப்பது? நாளைக் காலை கொத்தனார் வருகிறார், அதற்குள் சொன்னால் நல்லது.

சைட் அண்ணன், திருச்சி:
அடுப்பை நடுவில் வைக்காமல் பக்கச்சுவரை ஒட்டி எல் வடிவ மேடையாகப் போடுங்கள், முகம் பாதி திண்ணைப் பக்கம் திரும்பும், எக்ஸாஸ்டும் அதே சுவரில் அடுப்புக்கு நேர் மேலே வந்துவிடும். அது வெளிச்சுவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.