காக்ரேன் பேசின் ரோட்டு காக்ரேனும் சிலி நாட்டில் சிலையாக நிற்கும் காக்ரேனும் ஒரே ஆளா?

கொருக்குப்பேட்டை சேகர்:

எல்லாருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை, இப்போது சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. போன காண்ட்ராக்டில் சிலி நாட்டு வால்பரைசோவில் கப்பல் நின்றது. ஊருக்குள் நடந்தபோது ஒரு பெரிய தெருவில் வெள்ளைக்காரர் ஒருவரின் சிலை. யார் என்று கேட்டால் 'லார்ட் காக்ரேன், எங்கள் கடற்படையை உருவாக்கியவர்' என்கிறார்கள். அவர்களுடைய போர்க்கப்பல் ஒன்றுக்கும் அதே பெயர்தானாம்.

எனக்கு உடனே நம்ம காக்ரேன் பேசின் ரோடுதான் ஞாபகம் வந்தது. மணலி டேங்கர் லாரிக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் சைக்கிள் மிதித்து ஸ்கூலுக்குப் போன ரோடு. திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. ஒரு இடத்தில் லார்ட் காக்ரேன், இன்னொரு இடத்தில் டண்டொனால்ட் ஏர்ல், மூன்றாவது இடத்தில் ஹானரபிள் பேசில் காக்ரேன் என்று இருக்கிறது. எல்லாம் ஒருவரா, அப்பன் பிள்ளையா? அந்தப் பட்டம் எப்படி வந்தது, இப்போதும் யாரிடமாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்ட் பாஸ்கர்:

ஒரே ஆளாகத்தான் இருக்கும் தலைவா. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் இங்கே கால்வாய் வெட்டிவிட்டு அப்படியே கப்பல் ஏறி அங்கே போய்ச் சண்டை போட்டிருப்பான். நம்ம ராமலிங்கம் ஐயா வரட்டும், விடிய விடியப் பேசுவார்.

வண்ணை ராமலிங்கம்:

வந்துவிட்டேன் பாஸ்கர். விடியும் வரை பேச மாட்டேன், ஆனால் சுருக்கமாகவும் சொல்ல வராது. முப்பது வருஷம் துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் பழைய லெட்ஜர் புரட்டிய கை இது.

சேகர் தம்பி, ஒரே ஆள் இல்லை. நம்ம ரோட்டுக்காரர் பேசில் காக்ரேன், சித்தப்பா. சிலைக்காரர் தாமஸ் காக்ரேன், அண்ணன் மகன். பேசிலின் அண்ணன், அதாவது தாமஸின் அப்பா, ஆர்ச்சிபால்ட். இந்த மூவரும் நடுவில் ஒரு பட்டமும்தான் கதை.

பட்டத்தின் பெயர் டண்டொனால்ட் ஏர்ல். ஏர்ல் என்பது பிரிட்டனில் பரம்பரையாக வரும் பிரபுப் பட்டங்களில் ஒன்று. டண்டொனால்ட் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைப் பக்கம், அயர்ஷயரில் உள்ள ஊர். வில்லியம் காக்ரேன் என்பவர் 1647-இல் முதலில் டண்டொனால்ட் காக்ரேன் பிரபு ஆனார், 1669-இல் ஏர்ல் ஆனார். இதில் ஒரு வேடிக்கை: அவருடைய அப்பா பிறப்பால் காக்ரேனே இல்லை, பிளேர் குடும்பத்துக்காரர். ஆண் வாரிசு இல்லாத காக்ரேன் வீட்டுப் பெண்ணைக் கட்டி, பெண் வீட்டுப் பெயரைத் தன் பெயராக ஆக்கிக்கொண்டவர். நம்ம பக்கம் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஏளனம் பண்ணுவோம். அங்கே வீட்டோடு மாப்பிள்ளையின் மகன் ஏர்ல் ஆகிவிட்டான். 1653-இல் பெய்ஸ்லி மடத்து நிலங்களையும் வாங்கிப்போட்டார், குடும்பம் செழித்தது.

அதற்குப் பிறகு வந்த ஏர்ல்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி அறுக்க மாட்டேன். நமக்கு வேண்டியது 1758. ஏழாவது ஏர்ல் பட்டாளத்துக்காரர். கனடாவில் பிரெஞ்சுக்காரரின் லூயிஸ்பர்க் கோட்டை முற்றுகையில் கொல்லப்பட்டார், கல்யாணம் ஆகவில்லை. பட்டம் எங்கே போவது என்று முதல் ஏர்லின் இளைய மகன் கிளையைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் கிளையில் இருந்தவர் மேஜர் தாமஸ் காக்ரேன், அறுபத்தேழு வயசு, வீடு நிறையப் பிள்ளைகள். அவர் எட்டாவது ஏர்ல் ஆனார். அவருடைய ஆறாவது மகன்தான் நம்ம பேசில், அப்போது ஐந்து வயசு. கனடாவில் ஒருவர் சாகாமல் இருந்திருந்தால் இந்தப் பையன் பெயருக்கு முன்னால் 'ஹானரபிள்' வந்திருக்காது.

இப்போது உன் பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். ஏர்ல் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவருடைய மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும்வரை, மரியாதைக்கு 'லார்ட் காக்ரேன்'. மற்ற மகன்கள் வெறும் 'ஹானரபிள்'. நம்ம பக்கத்து ஜமீனில் மூத்தவனுக்குப் பட்டம், தம்பிகளுக்கு ஜீவனாம்சம் என்று இருந்ததே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆகவே சிலைக்காரர் சிலி போன 1818-இல் லார்ட் காக்ரேன், 1831-இல் அப்பா இறந்ததும் பத்தாவது டண்டொனால்ட் ஏர்ல். இரண்டும் ஒரே மனிதர்.

அந்த மரியாதைப் பெயரில் ஒரு சௌகரியமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துப் பிரபு ஆகிவிட்டால் மக்கள் சபையில் உட்கார முடியாது. பிரபுக்கள் சபையிலும் எல்லாருக்கும் இடம் இல்லை, ஸ்காட்லாந்து 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு பதினாறு பேரை மட்டும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. லார்ட் காக்ரேன் சட்டப்படி பிரபு இல்லை என்பதால் 1807-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்று ஜெயித்து, கடற்படை ஊழலை எல்லாம் சபையில் கிழித்தார்.

பட்டத்தோடு பணம் வந்ததா என்றால், வரவில்லை. எட்டாவது ஏர்ல் 1764-இல் பெய்ஸ்லியை விற்றார். ஒன்பதாவது ஏர்ல் ஆர்ச்சிபால்ட் விஞ்ஞானப் பைத்தியம். சேகர், இது உன் தொழில் சம்பந்தப்பட்டது, கவனி. மரக் கப்பலின் அடிப்பாகத்தைக் கடல் புழு துளைக்கும். நிலக்கரியைச் சூளையில் சுட்டு அதிலிருந்து வடியும் தாரைப் பூசினால் புழு அண்டாது என்று கண்டு 1781-இல் காப்புரிமை வாங்கினார். யோசனை அருமை. ஆனால் கடற்படை அதே காலத்தில் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது. தாரை வாங்க ஆளில்லை. உப்பு, சோடா, அது இது என்று இன்னும் பலதில் கையை விட்டார், சொத்து கரைந்தது. 1831-இல் பாரிஸில் வறுமையில் செத்தார். மகனுக்குக் கிடைத்தது பட்டம் மட்டும், காணி நிலம்கூட இல்லை.

காசு இருந்தது பட்டம் இல்லாத தம்பியிடம். பேசில் பதினாறு வயசில், 1769-இல், கம்பெனி உத்தியோகத்துக்கு மதராஸ் வந்தார். பிற்பாடு இங்கே வரும் ராஜா கடற்படைக் கப்பல்களுக்குத் தீனி சப்ளை பண்ணும் காண்ட்ராக்ட் பிடித்தார். அந்தக் காலத்தில் அதுதான் உண்மையான தங்கச் சுரங்கம். கால்வாயும் அவர் வேலைதான். 1806 வாக்கில் மதராஸிலிருந்து வடக்கே எண்ணூர் வரை படகு போயிற்று. அதனால் அது காக்ரேன் கால்வாய். படகு ஒதுங்கிச் சரக்கு இறக்கும் இடம்தான் பேசின். 1837-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டு மேலும் வடக்கே நீட்டியது.

என் தாத்தா வண்ணாரப்பேட்டையில் விறகுத்தொட்டி வைத்திருந்தார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு இந்தக் கால்வாயில்தான் வரும். படகுக்காரர்கள் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், தாத்தா விறகுக்குத் தெலுங்கிலேயே பேரம் பேசுவார். அந்த விறகில்தான் பாதிப் பட்டணம் சமைத்தது. இன்றைக்கு அதில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொருக்குப்பேட்டை சேகர்:

ஐயா, அசந்துவிட்டேன். செப்புத் தகடு விஷயம் எங்கள் சீஃப்புக்கு அனுப்பியாயிற்று, எங்களுக்கு டிரை டாக்கில் இன்னமும் அதே தலைவலிதான், பெயிண்ட் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஒரு சந்தேகம். சித்தப்பாவிடம் அவ்வளவு காசு இருந்தால் அண்ணன் மகனுக்குக் கொடுத்திருக்கலாமே? இவர் ஏன் கூலிக்குச் சண்டை போட சிலி வரை போனார்?

வண்ணை ராமலிங்கம்:

கொடுப்பதாகத்தான் இருந்தார். ஒரு கல்யாணம் கெடுத்துவிட்டது.

பேசில் 1807 வாக்கில் ஊர் திரும்பி லண்டன் போர்ட்மன் ஸ்கொயரில் பெரிய வீடு வாங்கி உட்கார்ந்தார். அங்கே ஒரு நீராவிக் குளியல் நிலையமும் நடத்தினார். பாட்னாக்காரர் சேக் தீன் முகமது அதில் வேலை பார்த்திருக்கிறார். அவர்தான் 1810-இல் பக்கத்துத் தெருவில் லண்டனின் முதல் இந்தியச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தவர், பிறகு பிரைட்டனில் தலை உடம்பு தேய்த்துவிட்டுப் பேர் வாங்கியவர். பேசில் இன்னொரு பக்கம் மதராஸ் காண்ட்ராக்ட் பாக்கிக்காகக் கடற்படை உணவு இலாகாவோடு வருஷக்கணக்கில் கணக்கு வழக்கு நடத்தினார். எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட காண்ட்ராக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பில் பாஸாகும் வரை விட மாட்டார்கள்.

சித்தப்பாவின் திட்டம், அண்ணன் மகன் தாமஸ் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியைக் கட்ட வேண்டும், அப்போது குடும்பம் நிமிரும் என்பது. தாமஸோ அப்பா அம்மா இல்லாத கேட்டி பார்ன்ஸ் என்ற பெண் மேல் ஆசைப்பட்டார். 1812 ஆகஸ்டில் இரண்டு பேரும் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் ஆனன் ஊருக்கு ஓடிப்போய், பாதிரியார் இல்லாமல், வேலைக்காரர்கள் இருவரைச் சாட்சி வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு அது போதும். சித்தப்பாவுக்குத் தெரிந்ததும் சொத்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டே வருஷத்தில் அடுத்த இடி. 1814 பிப்ரவரியில் நெப்போலியன் செத்துவிட்டான் என்று லண்டனில் ஒரு புரளி, பங்கு விலை ஏறியது, சிலர் விற்றுக் காசு பார்த்தார்கள். அதில் இன்னொரு சித்தப்பா ஆண்ட்ரூ மாட்டிக்கொண்டு நாட்டை விட்டே ஓடினார். தாமஸுக்கும் அதே வழக்கில் சிறை. கடற்படையிலிருந்து பெயரை அடித்தார்கள், மக்கள் சபையிலிருந்து வெளியேற்றினார்கள், 'பாத்' என்ற ராஜ மரியாதை வீரர் பட்டத்தைப் பறித்து, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபே தேவாலயத்துச் சாப்பலில் தொங்கிய அவருடைய கொடியை இறக்கிப் படிக்கட்டில் உதைத்துத் தள்ளினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்கள் மட்டும் அசரவில்லை, அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் அபிப்பிராயம், சேர்க்கை சரியில்லை.

அதனால்தான் ஸ்பெயினை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திய சிலிக்குப் போனார். 1820-இல் வால்டிவியா கோட்டையைப் பிடித்தார், அதே வருஷம் பெருவின் காய்யாவோ துறைமுகத்துக்குள் புகுந்து ஸ்பானியரின் எஸ்மெரால்டா கப்பலைத் தூக்கினார். அப்புறம் பிரேசில், அங்கே அவருக்கு மரன்யோன் மார்க்வெஸ் என்று இன்னொரு பட்டம். 1832-இல் ராஜா மன்னிப்பு, பாத் மரியாதை 1847-இல் திரும்பக் கிடைத்தது. 1860-இல் ஆபேயிலேயே புதைத்தார்கள், கொடியும் சாப்பலுக்குத் திரும்பியது.

ஓடிப்போன கல்யாணம் அதோடு விடவில்லை. மூத்த மகன் பிறந்தது 1814-இல். 1818-இல் சர்ச் முறைப்படி இன்னொரு தடவை கல்யாணம் செய்திருந்தார்கள். அப்படியானால் 1812 கல்யாணம் செல்லுமா, மூத்தவன் முறையான வாரிசா என்று கேள்வி வந்து, அந்த அம்மா கிழ வயசில் பிரபுக்கள் சபைக் குழு முன்னால் வந்து, வேலைக்காரர்கள் முன்னிலையில் நடந்ததை எல்லாம் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. ஆனன் கல்யாணம் செல்லும் என்று முடிவானது. பதினொன்றாவது ஏர்ல் அந்த மகன்தான்.

பட்டம் இன்னும் இருக்கிறது. இப்போது இருப்பவர் பதினைந்தாவது, 1986 முதல். 1963-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எல்லாருக்கும் பிரபுக்கள் சபையில் இடம் கொடுத்தார்கள், 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோருக்கு அந்த இடம் போய்விட்டது.

ராயபுரம் மேரி:

ராமலிங்கம் சார், நல்லா சொன்னீங்க. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காக்ரேன் கால்வாய் பெயர் போய் பக்கிங்காம் கால்வாய் வந்தது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் டியூக் பெயரை முழுக் கால்வாய்க்கும் வைத்துவிட்டார்கள். காக்ரேனுக்கு மிச்சம் ஒரு ரோடுதான்.

ஆனால் அந்த டியூக்குக்கு மூன்றும் பெண்கள். 1889-இல் அவர் இறந்ததும் டியூக் பட்டம் அற்றுப்போயிற்று. ஏர்லைவிட இரண்டு படி மேலே இருந்த பட்டம். அவரிடம் கின்லாஸ் என்று ஒரு சின்ன ஸ்காட்லாந்துப் பட்டமும் இருந்தது, அது மட்டும் பெண்ணுக்கும் போகலாம் என்பதால் மூத்த மகளுக்குப் போனது. அவள் பெயரும் மேரிதான், அதனால் எனக்கு மறக்கவில்லை.

மின்ட் பாஸ்கர்:

அப்போ டண்டொனால்ட் பட்டமும் பெண்ணுக்குப் போகுமா மேரிக்கா?

ராயபுரம் மேரி:

ஸ்காட்லாந்து என்றாலே பெண்ணுக்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளாதே பாஸ்கர், ஒவ்வொரு பட்டத்துக்கும் அதைக் கொடுத்த சாசனத்தில் எழுதியிருப்பதுதான் விதி. டண்டொனால்டில் ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். 1725-இல் ஐந்தாவது ஏர்ல் சின்ன வயசிலேயே இறந்தார், பிள்ளை இல்லை. கூடப் பிறந்த அக்கா தங்கை இருவர் உயிரோடு இருந்தார்கள், இருவரும் பின்னால் பிரபு வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவர்களைத் தாண்டி ஒன்றுவிட்ட உறவில் இருந்த ஆணுக்குப் பட்டம் போனது. அவருடைய மகன்தான் லூயிஸ்பர்கில் இறந்த ஏழாவது ஏர்ல்.