ஓய்வுக்குப் பிறகு வேன் வீட்டில் கொங்குச் சுற்று: ராத்தங்கல், தண்ணி, கரண்ட் எப்படி?

அமராவதிக்கரை:
வணக்கமுங்க. வீட்டுக்காரம்மாவும் நானும் பணி ஓய்வு. டிராவலர் வேனைப் படுக்கை, சமையல் மேடை, கேசட் டாய்லெட்டோட (தொட்டியை வெளியே உருவிக் கொட்டற கக்கூஸ்) மாத்தி, ஆர்.சி.யிலயும் மாற்றத்தைப் பதிஞ்சாச்சு. கூரை ஏசியோட உயரம் 9 அடி 4 அங்குலம். 12.8 வோல்ட் 200 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி, 400 வாட் சோலார், 90 லிட்டர் தண்ணி டேங்க். பவானி, கோபி, சத்தி, அவிநாசி, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், கொடுமுடினு ஊர் ரோட்டுலயே ஒரு சுத்து. நாளைக்கு 50 கி.மீ. போதும். எந்த மாசம் கிளம்பலாம்? ராத்திரி எங்க நிறுத்தறது? தண்ணியும் கரண்டும் எத்தனை நாள் தாங்கும்?

இட்டேரிவாசி:
மார்கழி பாதியில கிளம்பி மாசிக்குள்ள முடிச்சுருங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில உடுமலைப் பக்கத்துக் கரிசல் நனைஞ்சா பின் சக்கரம் இறங்கிரும், அப்புறம் டிராக்டர்தான் இழுக்கணும். சித்திரையில ஈரோடு 40 டிகிரி தாண்டும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. அப்ப வர்றதா இருந்தா வண்டி மூஞ்சியை மேற்கே பார்த்து நிறுத்துங்க, பக்கவாட்டுப் பந்தலை விரிக்கவே வேண்டாம். தைப்பூச வாரம் மட்டும் கோபிப் பக்கமே இருந்துக்குங்க. பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க தாராபுரம், உடுமலை ரோட்டுல ராவும் பகலும் நடப்பாங்க.

ராத்தங்கலுக்கு ரோட்டோரம் ஆகாது. தோட்டத்துச் சாளையில, அதாவது தோட்டத்துக்குள்ள இருக்கற வீட்டுல, கேட்டு நிறுத்தறதுதான் சரி, அதுவும் 4 மணிக்கே போய்க் கேளுங்க. இருட்டுன பிறகு புது வண்டி வந்தா யாருக்குமே சந்தேகம்தான். சிக்கல் வழியிலதான் இருக்கு. இட்டேரினு சொல்ற குறுகலான தோட்டத்து வழியில ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, மேல வேலாமரக் கிளை, அதுக்கு நடுவுல சாளைக்குக் கரண்ட் போற சர்வீஸ் ஒயர் தொங்கும். 9 அடி 4 அங்குலத்துக்கு முதல்ல அடிபடறது ஏசி மூடிதான். “வண்டி வருங்களா?”னு கேட்டா, காரை நினைச்சுட்டு “வரும் வாங்க”ன்னுருவாங்க. “வைக்கப்போர் லாரி இந்த வழியா வருதுங்களா?”னு கேளுங்க. அது வந்தா உங்க வண்டியும் வரும். ஒருத்தர் முன்னாடி நடந்து பார்த்து, திருப்ப இடம் இருக்குதானு தெரிஞ்ச பிறகு உள்ள விடுங்க.

கீழ்பவானி வாய்க்கால் கரையில வண்டியை ஏத்தாதீங்க. கரை ஓரம் இளகும், திருப்பவும் முடியாது. தென்னைக்கு அடியில நிறுத்துனா மட்டையும் காயும் சோலார் பலகை மேலதான் விழும்.

சத்தி வந்ததும் திம்பம் மலை ரோட்டுல ஏற ஆசை வந்தா பகல்லயே போய் இறங்கிருங்க. 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம், ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேற. இறங்கறப்ப ரெண்டாவது கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காது.

பேட்டரிப்பெட்டி:
உங்க பேட்டரி 2,560 வாட் அவர். 80 சதம் எடுத்தா 2,050 போல. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் 500, 20 வாட் ஃபேன் ரெண்டு 9 மணி நேரத்துக்கு 360, லைட்டும் போனும் 150. ஆக நாளைக்கு ஆயிரம் சொச்சம். வெயில் நாள்ல 400 வாட் பலகை அதுக்கு மேலயே தந்துரும். வெயிலே இல்லாட்டியும் ரெண்டு நாள் ஓடும். ஏசி மட்டும் இந்தக் கணக்குல வராது. ரெண்டு மணி நேரத்துல மொத்தத்தையும் குடிச்சுரும்.

எஞ்சின் ஓடறப்ப கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர்ல இருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரா ஒயர் இழுத்திருந்தா உடனே மாத்துங்க. அது கிடைக்கிறதை எல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுரும். நடுவுல, இழுக்கற கரண்டை அளவா வெச்சுக்கற 30 ஆம்ப் டி.சி. டு டி.சி. சார்ஜர் போடுங்க. 1,000 வாட் இன்வெர்ட்டர் 90 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 25 சதுர மி.மீ. ஒயர், நீளம் ஒரு மீட்டருக்குள்ள, பேட்டரி முனையிலயே ஃபியூஸ்.

சாளையில கரண்ட் எடுக்கறப்ப கிணத்து மோட்டார் லைன்ல கொக்கி போடாதீங்க. அது விவசாயத்துக்குக் குடுத்த இலவச மின்சாரம். வேற உபயோகம் தெரிஞ்சா தோட்டக்காரருக்குத்தான் அபராதம். வீட்டு மீட்டர்ல எடுத்து, யூனிட்டுக்குக் காசு குடுத்துருங்க. ப்ளக் சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வைங்க. 190 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா ஏசி கம்ப்ரசர் திணறும். 260க்கு மேல காட்டுனா நியூட்ரல் லூஸா இருக்கலாம், தொடவே வேண்டாம். எர்த் இருக்குதானும் பாருங்க. நிறைய சாளையில மூணாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான். 2.5 சதுர மி.மீ. மூணு கோர் ஒயரை முழுசாப் பிரிச்சுப் போடுங்க, சுருளா விட்டா உருகும்.

கொடுமுடி அம்மிணி:
வண்டிக்குள்ளயே ரெண்டு பேரும் குளிச்சா நாளைக்கு 45 லிட்டர் ஆகும், டேங்க் ரெண்டே நாள். பம்புசெட் தொட்டியில குளிச்சுட்டா நாலு நாள் வரும்ங்க. காங்கேயம், தாராபுரம் பக்கம் போர்த்தண்ணி ரொம்ப இடத்துல உப்பு. பருப்பு வேகாது, பம்பு வடிகட்டியில சுண்ணாம்பு படியும். அது கழுவ மட்டும். குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் தனியா வைங்க.

கேசட் தொட்டி ரெண்டு மூணு நாள்ல ரொம்பிரும். கக்கூஸ்லதான் ஊத்தணும், வாய்க்கால், வரப்பு கூடவே கூடாது. ஃபார்மலின் கலந்த மருந்து போட்டிருந்தா சாளை செப்டிக் டேங்கில இருக்கற நுண்ணுயிர் செத்துப் போகும், அதனால என்சைம் மருந்தே வாங்குங்க.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர், நிமிர்ந்தவாக்குல கட்டி வைங்க. கசியற கேஸ் கீழதான் இறங்கும், அதனால சிலிண்டர் வைக்கற பெட்டியோட தரையில வெளியே போற ஓட்டை வேணும். வண்டி ஓடறப்ப ரெகுலேட்டர் மூடியே இருக்கணும்.

அமராவதிக்கரை:
நன்றிங்க. ஆல்டர்னேட்டர் ஒயர் நேராத்தான் போகுது. சார்ஜர் வர்ற வரைக்கும் அதைக் கழட்டி வெச்சா போதுங்களா?

பேட்டரிப்பெட்டி:
போதும். ரெண்டு முனையையும் கழட்டி டேப் சுத்துங்க. வண்டிப் பேட்டரி பக்கத்து முனையை மொதல்ல. அதுவரைக்கும் சோலாரே பார்த்துக்கும்.